கட்டளையின் விடை அடுக்கில் தங்கிப்போனால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயக்க அமைப்பான இசட்/விஎம்மில் ரெக்ஸ் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும், பைப்லைன் (ஒரு கட்டம் தரும் வரிகளை அடுத்த கட்டத்துக்கு ஊட்டும் தொடர்) கொண்டு வேலை வாங்குபவர்களுக்கும் இது. கட்டளை ஒன்றைக் கொடுக்கிறீர்கள், அதன் விடை வரிவரியாக எங்கோ போய்ச் சேர்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். இந்தச் சிறிய காரியத்தில்தான் பெரும்பாலான பழுதுகள் பிறக்கின்றன. காரைக்குடி, கோட்டையூர்ப் பக்கம் வீட்டிலிருந்தபடியே தொலைவிலுள்ள மெயின்ஃபிரேமைப் பராமரிக்கும் தம்பிமார், தங்கைமார் சிலர் என்னிடம் கேட்கும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். மூன்றாம் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலப் பேரெழுத்தில் தட்டுங்கள். 'அட்ரஸ் கமாண்ட்' போட்டு எழுதும் எக்ஸெக்கில் (ரெக்ஸ் ஸ்கிரிப்டை இங்கே இப்படித்தான் அழைப்பார்கள்) சிற்றெழுத்துக் கட்டளை அப்படியே, பயனரின் கட்டளைகளை ஓட்டும் சிஎம்எஸ்ஸிடம் போய், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திரும்பி வரும். அதைப் பழுது என்று எண்ணி அரைநாள் தேடியவர்கள் உண்டு.

இசட்/விஎம்மில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு மெய்நிகர் மெஷின்; பயனர் பெயரே அதன் பெயர். எடுத்துக்காட்டுகளில் வரும் மெஷின் பெயர்கள் எல்லாம் ஊர்ப்பெயர்களே: கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல். பயனர் பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அமைப்பின் விதி. இவை சற்றுச் சுருக்கினால் அடங்கிவிடும். அதனால் கானாடுகாத்தானுக்கு இங்கே இடமில்லை.

1. ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, அதன் பிறகு திரையில் "தெரியாத கட்டளை" என்று வரிசையாக வருகிறது

எக்ஸெக் ஒழுங்காக ஓடி 'ரெடி' வந்துவிடுகிறது. அடுத்த நொடியே யாரும் எதையும் தட்டாமல், இது சிபி (எல்லா மெஷின்களையும் நடத்தும் அடித்தளம்) கட்டளையும் இல்லை, சிஎம்எஸ் கட்டளையும் இல்லை என்ற புகார் நான்கைந்து முறை வருகிறது.

சிஎம்எஸ்ஸில் புரோகிராம் ஸ்டாக் என்ற வரியடுக்கு ஒன்று இருக்கிறது. 'எக்ஸெக்ஐஓ' கொண்டு சிபி கட்டளை கொடுத்தால் விடை அங்கே போய்க் குவியும். வேறு இடம் சொல்லாவிட்டால் அதுதான் வழக்கம். 'லிஸ்ட்ஃபைல்', 'குவெரி', 'ஐடென்டிஃபை' போன்றவற்றுக்கு 'ஸ்டாக்', 'ஃபைஃபோ', 'லைஃபோ' என்று தெரிவு கொடுத்தாலும் அதே இடம்தான். எக்ஸெக் முடியும்போது அங்கே வரி மிச்சம் இருந்தால் சிஎம்எஸ் அதை எறியாது. விசைப்பலகையில் நீங்கள் முன்கூட்டியே தட்டிவைத்த கட்டளை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும்.

"தெரியாத கட்டளை" என்று வருவது உண்மையில் நல்லூழ். கோப்புப் பட்டியலை அடுக்கில் வாங்கிவிட்டு, முதல் கோப்போடு வெளியேறிய எக்ஸெக்கை நினைத்துப் பாருங்கள். மிச்சம் கிடக்கும் வரி 'கிளீனப் எக்ஸெக் ஏ1' என்று இருந்தால் என்ன ஆகும்? முதற்சொல்லின் பெயரில் ஓர் எக்ஸெக் இருக்கிறதே என்று சிஎம்எஸ் அதை ஓட்டிவிடும். பட்டியலில் இருந்த ஒரு கோப்பின் பெயர் கட்டளையாகிவிட்டது. அந்த எக்ஸெக் பழைய கோப்புகளை அழிப்பதற்கென்று எழுதப்பட்டதானால் பிறகு காப்புப் பிரதியைத் தேட வேண்டியதுதான்.

முதலில் உறுதி செய்யுங்கள். எக்ஸெக்கின் முதல் வரியிலும், வெளியேறும் ஒவ்வோர் இடத்திலும் 'சே கியூட்()' என்று போட்டு அடுக்கில் உள்ள வரி எண்ணிக்கையை அச்சிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடியிருந்தால் மிச்சம் வைக்கிறீர்கள். குறைந்திருந்தால் உங்களை அழைத்தவருடைய வரியை எடுத்துவிட்டீர்கள்; அது இதைவிட மோசம்.

கட்டளை வரியில் உட்கார்ந்து அடுக்கை உடனே காலி செய்ய 'டெஸ்பஃப்' போதும். ஆனால் அதை எக்ஸெக்குக்குள் எழுதாதீர்கள். பல பழைய ஸ்கிரிப்டுகளின் தலையிலேயே அது உட்கார்ந்திருக்கும், சுத்தமாகத் தொடங்குகிறோம் என்ற எண்ணத்தில். அது அடுக்கு முழுவதையும், டெர்மினலில் முன்கூட்டித் தட்டிய வரிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். உங்கள் எக்ஸெக்கை அழைத்த இன்னோர் எக்ஸெக் தனக்கென்று வைத்திருந்த வரிகளும் போய்விடும். பழுது அங்கே தலைகாட்டும், நீங்கள் இங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதன் இன்னொரு முகம்: கோப்பு திருத்தும் எக்ஸெடிட்டைத் திறந்த உடனே அது தானாக ஏதேதோ செய்கிறது, அல்லது புரியாத கட்டளை என்று முறையிடுகிறது. அடுக்கில் கிடந்த வரிகளை அது தனக்கு வந்த கட்டளைகளாக வாசித்துவிட்டது. காரணமும் மருந்தும் மேலே சொன்னவைதான்.

2. ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுவிட்டது. திரையின் வலது கீழ்மூலையில் 'விஎம் ரீட்'

"அண்ணே, கணினி தொங்கிவிட்டது" என்று தொலைபேசி வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்த மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே. 'ரன்னிங்' என்றால் வேலை நடக்கிறது, காத்திருங்கள். 'மோர்' என்றால் திரை நிறைந்துவிட்டது, துடைத்தால் தொடரும். 'விஎம் ரீட்' என்றால் கணினி தொங்கவில்லை. உங்களிடம் ஏதோ கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறது.

அடுக்கிலிருந்து ஒரு வரியை எடுக்கும் ரெக்ஸ் சொல் 'புல்'. அடுக்கு காலியாக இருக்கும்போது 'புல்' செய்தால் ரெக்ஸ் டெர்மினலுக்குப் போய் உங்களிடம் வரி கேட்கும். விடையில் ஐந்து வரி வரும் என்று எண்ணி ஐந்து முறை 'புல்' எழுதியிருப்பார்கள். அன்று நான்குதான் வந்திருக்கும். அல்லது வெற்று வரி வரும்வரை எடுத்துக்கொண்டே இரு என்று சுற்று எழுதியிருப்பார்கள். வெற்று வரி வர வேண்டும் என்று சிபிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த நிலையில் அவசரப்பட்டு எதையாவது தட்டாதீர்கள். தட்டுவதெல்லாம் கேள்விக்கு விடையாகவே போகும். வெறும் என்டர் விசைகூட வெற்று வரியாகப் போய், ஸ்கிரிப்ட் அதை உண்மையான விடை என்று நம்பித் தொடரும்.

உட்கார்ந்து பார்க்கும் திரையில் இது வெறும் எரிச்சல். யாரும் பார்க்காத சர்வீஸ் மெஷினில் இது ஆபத்து. டிஸ்கனெக்ட் நிலையில் (திரை இணைப்பு இல்லாமல்) ஓடும் மெஷின் தன் கன்சோலில், அதாவது டெர்மினலில், வரி கேட்டால், சிபி ஒரு கடிகாரத்தைத் தொடங்கும். நிர்வாகி மாற்றியிராவிட்டால் அது 15 நிமிடம். அதற்குள் யாரும் போய் உட்காராவிட்டால் மெஷின் வெளியேற்றப்படும். இரவு வேலை 2 மணிக்கு நின்று, காலையில் பார்த்தால் மெஷினே இல்லை என்ற புகாருக்கு முதல் சந்தேகம் இந்த ஒரு 'புல்' மீதுதான் விழ வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இதே விதி வேறு வழியாகவும் வரும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நின்று உங்கள் இணைப்பு அறுந்தால் சிபி உங்கள் மெஷினை டிஸ்கனெக்ட் நிலைக்குத் தள்ளும், அதே கடிகாரம் ஓடத் தொடங்கும். இன்வெர்ட்டர் கணினிக்கு மட்டும் போதாது, ரவுட்டருக்கும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நெடுநேரம் ஓடும் வேலையைத் திரையை நம்பி விடாமல், நீங்களே முறையாக 'டிஸ்கனெக்ட்' கொடுத்துவிட்டு எழுந்திருப்பது இன்னும் நல்லது. அப்போதும் உள்ளே எந்த எக்ஸெக்கும் கன்சோலில் வரி கேட்கக் கூடாது.

மருந்து எளியது. எண்ணிக்கையை ஊகிக்காமல் 'டூ கியூட்()' என்று எழுதுங்கள். சுற்று தொடங்கும் கணத்தில் அடுக்கில் எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை முறைதான் சுற்றும். பைப்லைனில் வாசிப்பதானால் முதல் கட்டமாக 'கன்சோல்' போடாமல் 'ஸ்டாக்' போடுங்கள். அடுக்கில் இருப்பதை எடுத்து முடித்ததும் அது ஓய்ந்துவிடும். உங்களிடம் வந்து கேட்காது.

ஆனால் அந்த 'கியூட்()' எண்ணிக்கைக்குள் பிறருடைய வரியும் இருக்கலாம்.

3. விடை வருகிறது, ஆனால் அது வேறு ஏதோ கட்டளையின் விடை

கோட்டையூர் மெஷின் உள்ளே இருக்கிறதா (லாகான் ஆகியிருக்கிறதா) என்று கேட்டால் அதன் வட்டுப் பட்டியல் வருகிறது. அல்லது முதல் வரி சரி, பின்னால் வருபவை அந்நியம். தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. இன்னோர் எக்ஸெக்கிலிருந்து அழைத்தால் குழம்புகிறது. கடைசி வாக்கியம் உங்கள் பழுதுக்குப் பொருந்துமானால் மேலே தேட வேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டில் வளவு எல்லோருக்கும் பொது. மணமான பிள்ளைகள் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் அதைச் சுற்றித் தனி அறை உண்டு, சாமான் அங்கே பூட்டில் இருக்கும். வளவில் வைத்த பாத்திரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம், யாரையும் குறை சொல்ல முடியாது. புரோகிராம் ஸ்டாக் அந்த வளவுதான். ஒரு மெஷினில் ஒன்றே ஒன்று. அதில் ஓடும் எக்ஸெக், மேக்ரோ, பைப்லைன் எல்லாம் அங்கேயேதான் வைக்கின்றன, எடுக்கின்றன. 'மேக்பஃப்' உங்களுக்கு ஓர் அறையைத் தருகிறது.

'மேக்பஃப்' கொடுத்தால் அடுக்கின் மேல் புதிதாக ஒரு பகுதி திறக்கும். அதன் பிறகு வரும் விடைகள் அந்தப் பகுதியில் சேரும். 'புல்' செய்யும்போதும் முதலில் அங்கிருந்தே வரும். முடிந்ததும் 'டிராப்பஃப்' கொடுத்தால் அந்தப் பகுதி மிச்சம் மீதியோடு போய்விடும், கீழே இருப்பவருடையது அப்படியே இருக்கும்.

இதில் நான்கு இடத்தில் கால் இடறும்.

'மேக்பஃப்' திறந்த பகுதியின் எண்ணை ரிட்டர்ன் கோடாகத் (கட்டளை முடிந்ததும் திருப்பித் தரும் எண்; பொதுவாகச் சுழியம் என்றால் வெற்றி) தருகிறது. முதல் பகுதி என்றால் 1, அடுத்தது 2. உடனே அதை ஒரு மாறியில் எடுத்து வையுங்கள், பிறகு 'டிராப்பஃப்' கொடுக்கும்போது அந்த எண்ணோடு கொடுங்கள். எண் இல்லாமல் கொடுத்தால் ஆக மேலே உள்ள பகுதி மட்டும் போகும். நடுவில் நீங்கள் அழைத்த வேறு எக்ஸெக் தன் பகுதியைத் திறந்து மூடாமல் போயிருந்தால் அதுதான் போகும், உங்களுடையது தங்கிவிடும். எண்ணோடு கொடுத்தால் அந்தப் பகுதியும் அதற்கு மேலுள்ளவை எல்லாமும் சேர்ந்து போகும்.

அந்த எண் சுழியம் அல்லாததால் 'சிக்னல் ஆன் எரர்' போட்ட எக்ஸெக்கில் 'மேக்பஃப்' வரியே பிழையாகக் கருதப்பட்டு, பிழை கவனிக்கும் பகுதிக்குத் தாவிவிடும். எல்லாம் சரியாக நடந்தபோதே பிழைச் செய்தி வருகிறது என்று புதியவர்கள் திகைப்பார்கள். அந்த ஒரு வரிக்கு முன் 'சிக்னல் ஆஃப் எரர்', பின் மறுபடி 'ஆன்'.

அடுத்தது பலருக்கும் தெரியாதது. 'மேக்பஃப்' போட்ட பிறகும் 'கியூட்()' சொல்வது அடுக்கு முழுவதன் எண்ணிக்கையைத்தான். உங்கள் பகுதியின் எண்ணிக்கையை அன்று. உள்ளே நுழையும்போது 3 வரி இருந்து, விடை 4 வரி வந்தால் 'கியூட்()' 7 என்று சொல்லும். 'டூ கியூட்()' எழுதினால் நான்கைத் தாண்டி அழைத்தவருடைய மூன்றையும் எடுத்துவிடுவீர்கள். எனவே நுழைந்ததும் 'பழைய = கியூட்()'. விடை வந்ததும் 'டூ கியூட்() - பழைய'. கழித்தல் மட்டும் செய்துவிட்டு 'மேக்பஃப்' போடாமல் விட்டாலும் ஆகாது. முன்வந்தது முன்செல்லும் முறையில் புதிய வரிகள் பழையவற்றின் பின்னால் நிற்கும். நீங்கள் எடுக்கும் நான்கில் முதல் மூன்று அழைத்தவருடையவையாக இருக்கும். எண்ணிக்கை சரி, சரக்கு தவறு. இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் வெளியேறும்போது 'கியூட்()' பார்த்தாலும் கணக்கு நேராக இருக்கும்.

கடைசியாக, 'புல்' என்று மட்டும் எழுதினால் வரி முழுதும் பேரெழுத்தாகிவிடும். சிற்றெழுத்துப் பெயர், கடவுச்சொல், பாதைப்பெயர் ஏதேனும் விடையில் இருந்தால் கெட்டது. 'பார்ஸ் புல்' என்றே எழுதிப் பழகுங்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் அடுக்கு பாதுகாப்பானதுதான். ஆனால் என் கருத்தைக் கேட்டால், புதிதாக எழுதும் எதிலும் விடையை அடுக்குக்கு அனுப்பவே வேண்டாம். நேரே மாறிக்குள் வாங்குங்கள். 'எக்ஸெக்ஐஓ'வுக்கே 'ஸ்டெம்' (எண்ணிட்ட மாறிகளின் தொகுப்பு) என்ற தெரிவு இருக்கிறது. அதைவிட நன்று டென்மார்க் ஐபிஎம்மில் இருந்த ஜான் ஹார்ட்மன் எழுதிக்கொடுத்த சிஎம்எஸ் பைப்லைன்ஸ்:

பைப் சிபி குவெரி நேம்ஸ் | ஸ்ப்ளிட் , | ஸ்ட்ரிப் | ஸ்டெம் விடை.

உள்ளே இருக்கும் மெஷின்களின் பட்டியல் காற்புள்ளியில் பிரிந்து, இடைவெளி களைந்து, 'விடை.1', 'விடை.2' என்று மாறிகளில் வந்து உட்கார்ந்துவிடும். 'விடை.0' எண்ணிக்கையைச் சொல்லும். அடுக்கைத் தொடவே இல்லை. அழைத்தவர் அங்கே என்ன வைத்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

பைப்லைன் இல்லாத இடத்தில் ரெக்ஸின் 'டயக்ஆர்சி' சார்பும் அடுக்கைத் தொடாமல் விடை தரும். முதல் 9 இடத்தில் ரிட்டர்ன் கோடு, 11ஆம் இடத்தில் நிபந்தனைக் குறி, 17ஆம் இடத்திலிருந்து விடை. அளவு சொல்லாவிட்டால் 4096 பைட்தான் இடம். விடை அதற்கு மேல் போனால் வெட்டுப்படும், நிபந்தனைக் குறி 1 ஆக வரும். அந்தக் குறியைப் பார்க்காமல் விடையைப் பயன்படுத்தாதீர்கள்.

4. நீண்ட வரிகளின் வால் காணாமல் போகிறது

அடுக்கில் ஒரு வரிக்கு 255 எழுத்துதான் எல்லை. வால் முக்கியமென்றால் 'ஸ்டெம்' வழிக்கு மாறுங்கள். வேறு மருந்து தேட வேண்டாம்.

5. பைப்லைனுக்கு மாறிவிட்டேன், ஆனால் விடைக்குள் பிழைச் செய்தி கலந்து வருகிறது

பள்ளத்தூர் உள்ளே இருக்கிறதா என்று 'குவெரி' கேட்கிறீர்கள். இல்லை. அப்போது விடையாக வருவது, அந்தப் பயனர் உள்ளே இல்லை என்ற பிழைச் செய்தி. 'சிபி' கட்டம் அதையும் ஒரு வரியாகவே கீழே அனுப்பும். சரியான விடை எது, பிழைச் செய்தி எது என்று அதற்கு வேறுபாடு கிடையாது. 'விடை.0' ஒன்று என்று வந்ததும் உள்ளே இருக்கிறார் என்று முடிவு கட்டினால் தவறு.

செய்தியின் தொடக்கத்தில் சிபி செய்திகளுக்குரிய 'எச்சிபி' என்ற குறியீடு இருந்தால் பிழை என்று சோதித்து எழுதுவோர் இருக்கிறார்கள். எழுதியவர் மெஷினில் அது ஓடும். 'செட் ஈம்எஸ்ஜி டெக்ஸ்ட்' என்று வைத்திருப்பவர் மெஷினில் குறியீடே வராது, செய்தி மட்டும் வரும். 'ஆஃப்' என்று வைத்திருந்தால் எதுவுமே வராது. செய்தியைப் பார்த்து முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட், பிறர் வைத்த அமைப்பை நம்பி நிற்கிறது. ரிட்டர்ன் கோடு அப்படி மாறாது. பயனர் உள்ளே இல்லை என்றால் 45. 'பைப்' கட்டளை முடிந்ததும், ரிட்டர்ன் கோடு வந்து சேரும் ரெக்ஸ் மாறியான 'ஆர்சி'யில் அதுவே இருக்கும்.

ஒரே பைப்லைனில் பல கட்டளைகளை அனுப்பினால் கதை வேறு. கோப்பிலிருந்து வரிசையாகக் கட்டளைகளைப் படித்து 'சிபி'க்கு ஊட்டினால் கடைசியில் கிடைப்பது அவற்றில் மிகப் பெரிய ரிட்டர்ன் கோடு ஒன்றுதான். எந்தக் கட்டளைக்கு என்று தெரியாது. இதற்குத்தான் இரண்டாம் வெளிவழி. 'சிபி' கட்டத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு வைத்து, அதன் இரண்டாம் வெளிவழியை இணைத்துவிட்டால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அதன் ரிட்டர்ன் கோடு அங்கே ஒரு வரியாக வரும்:

பைப் (எண்ட் ?) < வேலை ஃபைல் ஏ | க: சிபி | ஸ்டெம் விடை. ? க: | ஸ்டெம் குறி.

விடைகள் ஒரு மாறித்தொகுப்பில், குறிகள் இன்னொன்றில். ஐந்தாம் கட்டளை தோற்றதா என்று 'குறி.5' சொல்லும்.

மாறித்தொகுப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை 12 வரி வந்து, அடுத்த முறை 3 வரி வந்தால் 'விடை.0' 3 ஆகும். ஆனால் 'விடை.4' முதல் 'விடை.12' வரை பழைய மதிப்பு அழியாமல் கிடக்கும். எப்போதும் 'விடை.0' வரைதான் சுற்ற வேண்டும். அல்லது ஒவ்வொரு முறையும் முன்னதாக 'டிராப் விடை.' கொடுத்துவிடுங்கள்.

'சிஎம்எஸ்' கட்டத்தில் சிபி கட்டளையைக் கொடுத்துவிட்டு, விடை திரையில் ஓடுகிறதே, பைப்லைனுக்கு வரவில்லையே என்று கேட்பதும் உண்டு. அந்தக் கட்டம் பிடிப்பது சிஎம்எஸ் எழுதும் வரிகளை மட்டுமே. சிபி தானாகக் கன்சோலில் எழுதுவது அதன் கைக்கு எட்டாது. சிபி கட்டளைக்குச் 'சிபி' கட்டம்.

6. ஆர்சி -4095

பைப்லைன் முடங்கிவிட்டது என்ற செய்தியோடு இது வரும். மேலே சொன்ன இரண்டு வழிகளையும் 'ஃபேன்இன்' கொண்டு மீண்டும் ஒன்றாக்கப் பார்த்திருப்பீர்கள். 'ஃபேன்இன்' முதல் வழி முழுதும் தீர்ந்த பிறகே இரண்டாம் வழியைத் தொடும். 'சிபி' கட்டமோ முதல் கட்டளை முடிந்ததும் இரண்டாம் வழியில் குறியை எழுதிவிட்டு, அதை யாராவது எடுத்துக்கொள்ளும்வரை நகராது. இவர் அவருக்காக, அவர் இவருக்காக என்று இரண்டும் நிற்கும். இரண்டாம் வழியில் 'பஃபர்' என்ற ஒரு கட்டத்தைச் செருகுங்கள். குறிகளை அது வாங்கி வைத்துக்கொள்ளும், 'சிபி' மேலே போகும். எந்த விடைக்கு எந்தக் குறி என்ற வரிசை வேண்டுமென்றால் 'ஃபேன்இன்'னுக்குப் பதிலாக 'ஃபேன்இன்எனி'. வருகிற வரிசையிலேயே அது எடுத்துத் தரும்.

7. ரெக்ஸில் எழுதிய கட்டத்துக்குள் 'கியூ', 'புல்'

பைப்லைனின் நடுவில் ஓடும் ரெக்ஸ் கட்டத்துக்குள் ஒரு கட்டளையின் விடை தேவைப்படும். பழக்கத்தில் 'எக்ஸெக்ஐஓ' போட்டு அடுக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதே நேரம் வேறொரு கட்டம் 'ஸ்டாக்'கிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தால் இரண்டும் கலந்துவிடும். கட்டங்கள் மாறிமாறி ஓடுவதால் இன்று சரியாகவும் நாளை தவறாகவும் வரும். அங்கே 'கால்பைப்' எழுதுங்கள். விடை உங்கள் மாறிக்கு வேண்டுமென்றால் 'ஸ்டெம்'மில் முடியுங்கள். கீழே போக வேண்டுமென்றால் '*:' என்று முடியுங்கள், அது உங்கள் வெளிவழியோடு இணைந்துகொள்ளும்.

8. கட்டளை ஓடியது, ஆர்சி சுழியம், விடையைக் காணோம்

இது பழுதே அன்று. ஆனால் பழுது என்று எண்ணிச் செய்யும் திருத்தங்கள் பெரிய பழுதாகின்றன.

'எஸ்எம்எஸ்ஜி ஆர்எஸ்சிஎஸ்' என்று வலையமைப்பு மெஷினுக்கு ஒரு வினவல் அனுப்புகிறீர்கள். சிபியைப் பொறுத்தவரை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு கட்டளை முடிந்தது. அதனால்தான் சுழியம். ஆர்எஸ்சிஎஸ் தன் நேரத்துக்கு விடையை எழுதி, தனிச் செய்தியாக உங்கள் மெஷினுக்கு அனுப்பும். அது 'சிபி' கட்டத்தின் விடையில் ஒருபோதும் வராது. இரண்டு நொடி தூங்கிவிட்டு அடுக்கைப் பார்ப்போம் என்று எழுதுவது வீண். செய்தி அடுக்குக்கு வருவதில்லை, திரைக்குப் போகிறது.

அதைப் பிடிக்க 'ஸ்டார்எம்எஸ்ஜி' கட்டம் இருக்கிறது. முன்னதாக 'செட் எம்எஸ்ஜி ஐயுசிவி' கொடுத்து, செய்திகள் திரைக்குப் போகாமல் நிரலுக்கு வரும்படி திருப்பிவிட வேண்டும். ஒவ்வொரு செய்தியும் ஒரு வரியாக வரும்: முதல் 8 எழுத்தில் செய்தியின் வகை, அடுத்த 8இல் அனுப்பியவர் பெயர், 17ஆம் எழுத்திலிருந்து செய்தி. வகை 1 சாதாரணச் செய்தி, 2 எச்சரிக்கை, 3 சிபி எழுதுவது, 4 சிறப்புச் செய்தி.

இங்கே வரிசை முக்கியம். வினவலை அனுப்பிவிட்டு அதன் பிறகு காதைத் திறந்தால், விரைவாக வரும் விடை கடந்துபோயிருக்கும். காதைத் திறந்துவிட்டு அனுப்ப வேண்டும். 'ஸ்டார்எம்எஸ்ஜி'யின் பின்னால் கட்டளையை எழுதினால் இணைப்பு கிடைத்த பிறகே அது அந்தக் கட்டளையைக் கொடுக்கும். அனுப்பியவர் பெயரையும் சோதியுங்கள். காத்திருக்கும் வேளையில் புதுவயலிலிருந்து யாரோ "சாப்பிட்டாயிற்றா தம்பி" என்று செய்தி அனுப்பினாலும் அது உங்கள் பைப்லைனுக்குள்தான் வரும். 9 முதல் 16 வரையுள்ள எழுத்துகளைப் பார்க்காமல் வந்த முதல் வரியை விடை என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டுகளைப் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் ஒரு செய்தி அனுப்பி அவற்றை ஏமாற்றலாம். அந்த வரியைக் கொண்டு அடுத்த கட்டளையை அமைக்கும் ஸ்கிரிப்ட் என்றால், கதவைத் திறந்துபோட்டு வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டம் தானாக முடியாது. அதே பைப்லைனில் பக்கத்திலேயே இன்னொரு வழி வையுங்கள்: 'லிட்டரல் +30 | டிலே | பைப்ஸ்டாப்'. 30 நொடி கழிந்ததும் காத்திருக்கும் கட்டங்களை அது நிறுத்தும். வெளியிலிருந்து கையால் நிறுத்த 'பிப்மாட் ஸ்டாப்'. விடை வராமல் நேரம் தீர்ந்தது என்பதை ஸ்கிரிப்ட் தனி நிலையாகக் கருத வேண்டும். வெற்று விடையாக எண்ணித் தொடரக் கூடாது. முடிந்ததும் 'செட் எம்எஸ்ஜி ஆன்' கொடுத்துப் பழையபடி ஆக்குங்கள். மறந்தால் அன்றைக்கு உங்களுக்கு அனுப்பும் எந்தச் செய்தியும் திரையில் தெரியாது. அப்போது "ஏன் பதிலே இல்லை" என்று அலைபேசி அடிக்கும்.

9. இதே பழுது டிஎஸ்ஓவில்

ஐபிஎம்மின் இன்னொரு மெயின்ஃபிரேம் இயக்க அமைப்பான இசட்/ஓஎஸ் பக்கம் வேலை செய்பவர்களுக்கு, அதன் கட்டளைச் சூழலான டிஎஸ்ஓவிலும் இதே அடுக்கு உண்டு, மிச்சம் வைத்தால் டிஎஸ்ஓ அதைக் கட்டளையாக ஓட்டும் வழக்கமும் உண்டு. 'மேக்பஃப்', 'டிராப்பஃப்' அங்கும் உள்ளன. சிஎம்எஸ்ஸில் இல்லாத ஒன்றும் அங்கே இருக்கிறது: 'நியூஸ்டாக்'. இது முற்றிலும் தனியான அடுக்கு. 'கியூட்()' இதிலுள்ளதை மட்டும் எண்ணும், 'புல்' கீழே இறங்கிப் பிறருடையதைத் தொடாது. முடிந்ததும் 'டெல்ஸ்டாக்'. அங்கே எழுதுவதானால் நான் 'மேக்பஃப்' பக்கமே போவதில்லை.

டிஎஸ்ஓ கட்டளைகளின் விடையை மாறிக்குள் வாங்க 'அவுட்ட்ராப்'. 'புட்லைன்' வழி எழுதும் நிரல்களின் வரிகள்தான் அதில் சிக்கும்; 'டிபுட்' வழி எழுதுபவை திரைக்கே போய்விடும். வேலை முடிந்ததும் 'அவுட்ட்ராப்'பை 'ஆஃப்' செய்யாவிட்டால் அந்த எக்ஸெக் முடியும்வரை பின்வரும் கட்டளைகளின் வரிகளும் அதே மாறிக்குள் விழுந்துகொண்டிருக்கும்.

ஆபரேட்டர் கட்டளை கொடுத்து விடை வாங்குவதானால் மேலே எட்டாம் பகுதியில் சொன்ன சிக்கல் அப்படியே இங்கும் வரும், ஏனென்றால் விடை பின்னால்தான் வருகிறது. 'கன்சோல்' கட்டளையோடு 'கார்ட்' என்ற 8 எழுத்து அடையாளத்தைச் சேர்த்து அனுப்புங்கள். பிறகு 'கெட்எம்எஸ்ஜி' சார்பில் அதே அடையாளத்தையும், காத்திருக்க வேண்டிய நொடிகளையும் கொடுங்கள். அந்த அடையாளம் கொண்ட விடை மட்டுமே உங்களுக்கு வரும். ஒவ்வொரு கட்டளைக்கும் வெவ்வேறு அடையாளம் இருக்கட்டும். ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், முந்தைய கட்டளையின் தாமதமான விடை அடுத்ததன் கையில் வந்து சேரும். தொடங்குவதற்கு முன் 'கான்ஸ்ப்ரோஃப் சொல்டிஸ்ப்ளே(நோ)' கொடுக்காவிட்டால் விடை திரையில் ஓடிவிடும், 'கெட்எம்எஸ்ஜி' வெறுங்கையோடு திரும்பும். வெளியேறும் எல்லா வழிகளிலும், பிழையால் வெளியேறும் வழி உட்பட, 'கன்சோல் டிஆக்டிவேட்' இருக்கிறதா என்று பாருங்கள்.